இரண்டு இந்தியர்களின் கையெழுத்து

போன் வந்தபோது மூன்றாம் பீரியட் முடிந்து ஸ்டாஃப் ரூமுக்குள் நுழைந்துகொண்டிருந்தேன். கடலூர் போலீஸ் ஆபீஸிலிருந்து பேசினார்கள். என் கணவருடைய குடியுரிமை மனு விசாரணைக்கு வந்திருக்கிறதாம். சனிக்கிழமை காலையில் அதிகாரி வீட்டுக்கு வருவார், அக்கம்பக்கத்தில் விசாரிப்பார், அவரை நீண்ட நாளாகத் தெரிந்த இந்தியர்கள் இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், சொந்தக்காரர்கள் கூடாது, ஆளைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள் என்றார் பேசியவர். நல்ல பிள்ளையாக எல்லாவற்றுக்கும் சரிங்க சார் என்றேன். போனை வைத்துவிட்டுச் சுவர்க் காலண்டரில் சனிக்கிழமைக்கு எத்தனை நாள் என்று எண்ணினேன்.

என் கணவர் ஆறு வயதில் தன் அம்மாவின் முந்தானையைப் பிடித்தபடி படகில் வந்து ராமேஸ்வரத்தில் இறங்கியவர். அவருடைய கொள்ளுத்தாத்தா இதே தென்னாற்காட்டிலிருந்து இலங்கை மலைக்குத் தேயிலை பறிக்கப் போன கூலி. போனவருடைய கொள்ளுப்பேரன் திரும்பி வந்தபோது அவனுக்கு அகதி என்று பெயர் வைத்தார்கள். குறிஞ்சிப்பாடிப் பக்கத்து முகாமில் வளர்ந்தார், பெயின்டர் ஆனார். முகாம் வாசல் பலகையில் அகதிகள் என்ற சொல்லை அழித்து மறுவாழ்வு என்று எழுதச் சொன்னபோது அதை எழுதியதும் இவர்தான். எழுத்து அழகாக இருக்கும். அதற்கு மேல் அந்தச் சொல்லால் ஒன்றும் ஆகிவிடவில்லை.

நான் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தபோது எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வெள்ளையடிக்க வந்தார். மற்றதை விவரிக்க எனக்கு வெட்கமில்லை, ஆனால் இங்கே அது தேவையில்லை. என் அப்பா நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தில் பெர்மனன்ட் ஆள். ஒரு வருஷத்துக்கு மேல் என் முகத்தில் விழிக்கவில்லை. பிறகு பேத்தி பிறந்ததும் மனிதர் தானாக வழிக்கு வந்தார். இப்போது டவுன்ஷிப்பில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் ப்ளஸ் டூவுக்கு அரசியல் அறிவியல் எடுக்கிறேன். வேலையும் குவார்ட்டர்ஸும் என் பெயரில் இருக்கின்றன. அவர் கான்ட்ராக்டில் டவுன்ஷிப் வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறார். சுரங்கத்துக்குள்ளே போய் வேலை பார்க்க அவருக்குப் பாஸ் கிடைக்காது. மாதத்தில் ஒருநாள் முகாமுக்குப் போய்த் தலையைக் காட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வர வேண்டும்.

சட்டத்தின் கண்ணில் அவர் சட்டவிரோதமாக நுழைந்தவர். ஆறு வயதில், வாந்தி எடுத்துக்கொண்டே செய்த குற்றம் அது. வழக்குப் போட்டோம், நடையாய் நடந்தோம், மனுவைப் பரிசீலிக்கச் சொல்லி நீதிமன்றம் சொன்னது. அதற்குப் பிறகு வந்த முதல் போன்தான் இந்தப் போன்.

இத்தோடு போயிருந்தால் நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். எங்களுக்கு ஒரே மகள். இங்கே, இதே டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் பிறந்தாள். சட்டம் ஒரு தேதி வைத்திருக்கிறது. அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைக்குத் தாய் மட்டும் இந்தியர் என்றால் போதாது. தகப்பன் சட்டவிரோதமாக வந்தவனாக இருக்கக் கூடாது. என் மகள் அந்தத் தேதிக்குப் பிறகு பிறந்தவள். அதனால் அவள் இந்தியக் குடிமகள் இல்லை. இலங்கைக்கும் அவளைத் தெரியாது. எனக்கும் என் கணவருக்கும் இது தெரியும். அவளுக்குத் தெரியாது.

சொல்லவில்லை, அவ்வளவுதான். எப்படிச் சொல்வது? மூன்று வயதில் மழலையில் சொல்வதா, பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு முதல் நாள் சொல்வதா? அவருடைய மனு தேறிவிட்டால் மறுநாளே அவளுக்கும் ஒரு மனு எழுதி, ஏதோ சர்ட்டிபிகேட் விஷயம் என்று கையெழுத்து வாங்கி, அவள் காதுக்கு எட்டாமலே காரியத்தை முடித்துவிடலாம் என்பது என் திட்டம். ஆக, சனிக்கிழமை தேற வேண்டியது ஒருவருடைய மனு இல்லை.

அந்த வாரம் பார்த்து எனக்கு வகுப்பில் தேசியம் பற்றிய பாடம். என் நேரம் அப்படி.

ஒரு தேசம் என்பது என்ன என்று கேட்டுப் பாடத்தை ஆரம்பித்தேன். ஒரே ரத்தம், ஒரே மொழி, ஒரே மண், ஆதிகாலம் முதல் இருப்பது என்று ஒரு கட்சி சொல்கிறது என்றேன். பிள்ளைகளில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். அதெல்லாம் கதை, நேற்றைக்கு வந்த பத்திரிகையும் பள்ளிக்கூடமும் ரயிலும் வரைபடமும் சேர்ந்து, ஒருவரை ஒருவர் பார்த்தே இராத கோடிப் பேரை நாமெல்லாம் ஒன்று என்று நம்ப வைத்தன என்று இன்னொரு கட்சி சொல்கிறது என்றேன். அப்போது மற்றப் பாதிப் பேர் தலையாட்டினார்கள். இதற்கெல்லாம் தலையாட்டாதீர்கள், யோசியுங்கள் என்று ஒரு சத்தம் போட்டேன். மூன்றாவதாக, சேர்ந்து வாழச் சம்மதிக்கிறோம் என்று மனிதர்கள் மறுபடி மறுபடி ஒப்புக்கொள்வதுதான் தேசம், மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான் என்று சொல்பவர்களும் உண்டு. எனக்குப் பிடித்தது இந்தக் கடைசிக் கட்சி. பிடிக்காமல் என்ன செய்யும்? என் வீடே அந்தக் கட்சியில்தான் நிற்கிறது.

பீகாரிலிருந்து வந்த இன்ஜினியரின் மகள் ஒருத்தி முன் பெஞ்சில் இருப்பாள். அவள் எழுந்து, ஊருக்குப் போனால் தன்னை மதராசி என்கிறார்கள், இங்கே இந்திக்காரி என்கிறார்கள், தான் எந்தக் கட்சி என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. எல்லையில் சண்டை நடந்தபோது தன் தெருவில் பட்டாசு வெடித்ததாக ஒருவன் சொன்னான். கிரிக்கெட் பார்க்கும்போது மட்டும்தான் தனக்குத் தேசம் ஞாபகம் வருகிறது என்றான் இன்னொருவன். அவன் உண்மையைச் சொன்னதால் அவனைத் திட்டவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி, வாயே திறக்காதவள், கேட்டாள்.

"சம்மதம் போதும்னு சொல்றீங்க டீச்சர். யார் யாரை ஒத்துக்கணும்? வர்றவங்க நாட்டை ஒத்துக்கணுமா, நாடு அவங்களை ஒத்துக்கணுமா?"

இரண்டும்தான் என்று சொல்லிவிட்டுப் போர்டைத் துடைத்தேன். உப்புச் சப்பில்லாத பதில். எனக்கே என் மேல் எரிச்சல் வந்தது.

வீட்டுக்கு வந்தால் மகள் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். வடலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் முதல் வருஷம் பி.காம். படிக்கிறாள். கையில் புத்தம் புது வாக்காளர் அட்டை. கல்லூரியில் முகாம் போட்டு எல்லோருக்கும் எழுதி வாங்கினார்களாம், தபாலில் வந்துவிட்டது. போட்டோவில் திருடி மாதிரி இருக்கிறேன் பார் என்று சிரித்தாள்.  அவள் எழுதிக் கொடுத்த விஷயமே எனக்குத் தெரியாது. இந்தச் சமயத்தில் அந்த அட்டை அதிகாரியின் கண்ணில் பட்டால் தப்பாக வாங்கியது என்று ஆகிவிடுமே. பத்திரமாக வைக்கிறேன் என்று வாங்கிப் பீரோவில் சேலைக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். என்னம்மா, நகையா அது என்று கேலி செய்தாள்.

சாயங்காலம் அவர் வந்து கொல்லையில் மண்ணெண்ணெய் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது விஷயத்தைச் சொன்னேன். யாரிடம் கையெழுத்துக் கேட்கலாம், நீங்களும் நாலு பேரிடம் கேளுங்கள் என்றேன். அவர் நகக்கண்ணில் ஒட்டியிருந்த பெயின்டைச் சுரண்டிக்கொண்டே இருந்தார்.

"நான் யாரையும் கேக்க மாட்டேன். இந்த ப்ளாக்குல எல்லாரும் நான் அடிச்ச சுவத்துக்குள்ளதான் படுத்துக்கினு இருக்காங்க. என்னைத் தெரியாதா அவங்களுக்கு? போடணும்னு தோணுனா போடட்டும்."

எனக்கு மூக்குக்கு மேல் வந்தது கோபம். உங்கள் ரோஷத்தைத் தூக்கிப் பரணில் வையுங்கள், இது உங்களுக்காக மட்டும் இல்லை என்று பல்லைக் கடித்தேன். மகள் உள்ளே இருந்ததால் அதற்கு மேல் சத்தம் போட முடியவில்லை. அவர் என்னைப் பார்த்தார், கை துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். கேட்பதற்கு வாய் வராத மனிதர். வரிசையில் நின்று நின்றே வளர்ந்தவர்களுக்குக் கேட்பது என்றால் ஒரு கூச்சம் உண்டு என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஆத்திரம் அடங்கவில்லை.

நானே கிளம்பினேன். முதலில் பக்கத்து வீடு. அந்த வீட்டு அண்ணாச்சி சுரங்கத்தில் ஃபோர்மேன், திருநெல்வேலிப் பக்கம். வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பல வருஷம் பழகியவர்கள். அவர்கள் வீட்டு மாமரம் பாதிக்கு மேல் எங்கள் கொல்லையில்தான் காய்க்கும். என் கணவரை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவார். விஷயத்தைக் கேட்டதும் காபி கொண்டுவரச் சொன்னார். காபி வந்தது. அதைக் குடித்து முடிக்கிறவரை ஷிப்டு மாறியதைப் பற்றிப் பேசினார். பிறகு, ரிட்டயர்மென்ட் நெருங்குகிறது டீச்சர், போலீஸ் சமாசாரத்தில் பேர் வந்தால் செட்டில்மென்ட் நேரத்தில் எவனாவது கிளப்புவான், ஆபீஸில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றார். கேட்கப் போவதில்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் மனைவி அடுக்களை வாசலில் நின்று டம்ளரை வாங்கிக்கொண்டாள். 

ஸ்டாஃப் ரூமில் கேட்டேன். சுதந்திர தினம் தவறாமல் மைக் பிடிக்கிற ஒருவர், கேஸ் கீஸ் எதுவும் வராதே என்று கேட்டுவிட்டு மனைவியிடம் பேசிச் சொல்வதாகச் சொன்னார். அப்புறம் என்னைக் கண்டாலே லேப் பக்கம் போய்விடுவார். பிசிக்ஸ் எடுப்பவர் மட்டும் நான் வருகிறேன் டீச்சர், இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா என்றார். நிம்மதியாக ஒரு வேளை சோறு இறங்கியது. வெள்ளிக்கிழமை மத்தியானம் அவரும் கும்பகோணத்தில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று பஸ் ஏறிவிட்டார். உண்மையாகவே அம்மாவுக்கு முடியாமல் இருந்திருக்கலாம். அன்றைக்கு எனக்கு அதை நம்புகிற மனசு இல்லை.

எதிர் வீட்டுக்காரரை நான் கேட்கவில்லை. ராணுவத்திலிருந்து வந்து இங்கே செக்யூரிட்டி வேலையில் இருக்கிறார், வேலூர்ப் பக்கம். எல்லைச் சண்டை சமயத்தில் எங்கள் ப்ளாக் வாட்சாப் க்ரூப்பில் நாளுக்கு இருபது கொடி அனுப்பியவர். வெளியாட்கள் யார் யார் எந்தக் குவார்ட்டர்ஸில் தங்கியிருக்கிறார்கள் என்று எல்லோரும் கவனமாக இருக்க வேண்டும் என்று ஒருநாள் எழுதினார். இந்த ப்ளாக்கில் வெளியாள் இல்லாத ஒரு வீட்டைக் காட்டுங்கள் பார்ப்போம் என்று நான் பதில் போட்டேன். அதற்கு அவர், அவருக்கு நான் என்று அது இழுத்துக்கொண்டே போய், கடைசியில் யாரும் எதுவும் எழுத முடியாதபடி அட்மின் க்ரூப்பைப் பூட்டிப்போட்டார். அதற்குப் பிறகு எதிரும் புதிருமாக வந்தால் இரண்டு பேரும் மரத்தைப் பார்த்துக்கொண்டு போவோம்.

நான் எழுதியது ஒன்றும் பொய்யில்லை. டவுன்ஷிப்பில் யாரைப் புதிதாகப் பார்த்தாலும் முதல் கேள்வி, உங்களுக்கு எந்த ஊர். நெய்வேலி என்று சொன்னால் யாரும் விடமாட்டார்கள். அது இருக்கட்டும், சொந்த ஊர் எது என்பார்கள். நான் இங்கேயே பிறந்து இங்கேயே படித்தவள். நானே தஞ்சாவூர் என்றுதான் சொல்வேன். கல்யாணம் காட்சிக்குப் போய்த் தலைகாட்டியதைத் தவிர அந்த ஊரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ரிட்டயர் ஆனால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பதால் யாரும் இதைத் தன் ஊர் என்று வாய்விட்டுச் சொல்வதில்லை. ஒருவருக்குச் சொந்த ஊர் ஒன்றைக் கொடுத்துப் பேசுவது இங்கே மரியாதை. இது எங்கள் ஊர் என்று சொல்லக்கூடியவர்களுடைய கிராமங்கள் சுரங்கத்துக்குள் போய்விட்டன. நாட்டுக்காக என்று சொல்லித்தான் போயின. அதனால் தேசம் என்ற சொல்லை இங்கே யாரும் லேசாகச் சொல்லிவிட முடியாது. எங்கள் வீட்டில் மட்டும் ஒரு விசித்திரம். என் கணவரை எந்த ஊர் என்று கேட்டால், தயங்காமல், இந்த ஊர்தாங்க என்பார்.

சனிக்கிழமை காலையில் மகளைத் தோழி வீட்டுக்கு அனுப்பினேன். விசாரணை நடப்பது அவளுக்குத் தெரியும், அப்பாவின் மனு என்று மட்டும் தெரியும். நீ இருந்தால் எனக்கு டென்ஷனாக இருக்கும், மத்தியானம் வா என்று பஸ்ஸுக்குத் துரத்தினேன். அவளுக்கு மனசே இல்லை.

அதிகாரி பைக்கில் தனியாக வந்தார். நெல்லிக்குப்பத்துக்காரர், என் வயசு இருக்கும், ஹெல்மெட்டைக் கழற்றியதும் வேர்வையைத் துடைத்துக்கொண்டு தண்ணீர் கேட்டார். மனிதர் கடுமையாக இல்லை. கடுமையாக இருந்திருந்தால் எனக்குச் சண்டை போடவாவது வாகாக இருந்திருக்கும். முகாமில் எப்போது சேர்ந்தார், உங்கள் மேல் வழக்கு ஏதாவது உண்டா, இலங்கையில் சொத்து இருக்கிறதா, யாருக்காவது பணம் அனுப்புகிறீர்களா என்று கேட்டு எழுதினார். கணவர் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு, இது எழுதுவதற்கு இல்லை, சும்மா கேட்கிறேன் என்றார்.

"நாளைக்கு இந்தியாவுக்கும் அந்த நாட்டுக்கும் ஒரு பிரச்சினை, சண்டைன்னு வருது. நீங்க எந்தப் பக்கம் நிப்பீங்க?"

இந்தியா என்று சொல்லுங்களேன், வாயைத் திறந்து இந்தியா என்று சொல்லித் தொலையுங்களேன் என்று நான் உள்ளுக்குள் கத்திக்கொண்டிருந்தேன். அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"சண்டைக்குப் பயந்து ஓடியாந்தவன் சார் நான். சண்டைல எந்தப் பக்கமும் நிக்கத் தெரியாது. என் பொண்ணு எங்க இருக்குதோ அங்க நிப்பேன்."

அதிகாரி காகிதங்களை எடுத்துக்கொண்டு எழுந்தார். 

வெளியே வந்து வேலியோரம் நின்றார். பக்கத்து வீட்டு அக்கா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அண்ணாச்சி முதல் ஷிப்டு என்று விடியற்காலையே போய்விட்டிருந்தார். இவரைத் தெரியுமா அம்மா, எந்த ஊர்க்காரர் என்று கேட்டார் அதிகாரி. அக்கா சேலைத் தலைப்பைச் சரி செய்துகொண்டு, மரியாதையாக, எல்லோருக்கும் சொல்வதுபோலவே சொன்னாள்.

"அவுக சிலோன் சார். நல்ல மனுசர்."

தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அவள் மேல் தப்பில்லை. என்னைக் கேட்டிருந்தால் தஞ்சாவூர் என்றிருப்பாள், எதிர் வீட்டை வேலூர் என்றிருப்பாள். எல்லோருக்கும் கொடுக்கிற ஊரை இவருக்கும் கொடுத்தாள். அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார். பேனா போன பக்கமே என் கண்ணும் போயிற்று.

சாட்சிகள் யார் என்று கேட்டார். வருகிறார்கள் சார் என்று பொய் சொன்னேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். அப்போதுதான் எதிர் வீட்டுக் கேட் திறந்தது. அந்த ராணுவக்காரர் முழங்கை வரை சட்டையை மடித்துக்கொண்டு நேராக ரோட்டைத் தாண்டி வந்தார். போச்சு, கிழிந்தது என்று நினைத்தேன். அதிகாரிக்கு முன்னால் விறைப்பாக நின்று தன் பழைய ரேங்க்கைச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பாமலே பேசினார்.

"இந்த வூட்டு அம்மாவுக்கும் எனக்கும் ஆவாது சார். வர்றவங்க எல்லாருக்கும் குடுத்துக்கினே போனா நாடு தாங்காதுன்னுதான் நான் சொல்லுவேன், இப்பவும் சொல்றேன். ஆனா நீங்க கேக்கறது ஆளு நல்லவனான்னுதானே? நல்லவன். எங்க போடணும்னு காட்டுங்க."

கையெழுத்தைப் போட்டார், கீழே ரேங்க்கையும் எழுதினார். நன்றி என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் நிற்கவில்லை, வந்த வேகத்திலேயே திரும்பிப் போய்விட்டார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. யாருக்குக் கடன்பட வேண்டும் என்பதில்கூட நமக்கு ஒரு விருப்பம் இருக்கிறது பாருங்கள்.

இன்னும் ஒருவர் என்றார் அதிகாரி. திண்டாடிப் போனேன். தபால் கொண்டு வருபவர், தண்ணீர் கேன் போடுபவர் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் பொறுமையாக, நீண்ட நாள் பழக்கம் இருக்க வேண்டும் அம்மா, இல்லாவிட்டால் நான் ஒரு சாட்சிதான் கிடைத்தது என்று எழுதி அனுப்ப வேண்டியிருக்கும், மேலே அதைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள் என்றார்.

கேட் சத்தம் கேட்டது. மகள். பாதி வழியில் இறங்கி அடுத்த பஸ்ஸைப் பிடித்துத் திரும்பியிருக்கிறாள். அப்பாவுக்கு இவ்வளவு முக்கியமான நாளில் நான் எப்படி அம்மா தோழி வீட்டில் உட்கார்ந்திருப்பேன் என்றாள். எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்தாள், விஷயம் புரிந்துவிட்டது.

"நான் போடறேன் சார். எனக்குப் பதினெட்டு முடிஞ்சுடுச்சு."

சொந்தக்காரங்க போடக் கூடாது பாப்பா என்றார் அதிகாரி. நல்ல மனிதர், அத்தோடு நிறுத்திக்கொண்டார்.  உள்ளே போய் சாருக்கு மோர் எடுத்துக்கொண்டு வா என்றேன். அவள் நகரவில்லை.

"ஏன் சார், நானும் இந்தியன்தானே? ஓட்டே போடலாம், இது போடக் கூடாதா?"

அதிகாரி கையிலிருந்த மனுவைப் பார்த்தார். அதில் அவள் பிறந்த தேதி இருக்கிறது. பிறகு என்னைப் பார்த்தார். நான் முற்றத்துக் கல்லைப் பார்த்தேன்.  அவள் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். சிரிப்பு மெல்ல மெல்லப் போனது.

என் கணவர்தான் சொன்னார். யாரிடமும் எதையும் கேட்காத மனிதர், மகளுடைய கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சொன்னார்.

"இல்லம்மா. என்னால உனக்கும் இல்ல. இது எனக்குக் கெடச்சாதான் உனக்குக் கேக்க முடியும்."

அவள் அழவில்லை. கையை உதறவும் இல்லை. அம்மா உனக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டாள். தெரியும் என்றேன். எப்போதிருந்து என்றாள். நீ பிறந்ததிலிருந்து என்றேன். வேறு என்ன சொல்ல?

வேலிக்கு அந்தப் பக்கம் ஈரத்துணியைக் கையில் வைத்தபடியே அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். துணியைக் கொடியில் போட்டுவிட்டு, எங்கள் கேட்டைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தாள். நான் வேலைக்குப் போறவ இல்ல சார், வீட்டுல இருக்கவதான், நான் போட்டா செல்லுமா என்று கேட்டாள். செல்லும் அம்மா என்றார் அதிகாரி. பல வருஷமாக வேலிக்கு மேலே குழம்பும் ரசமும் கை மாற்றிக்கொள்கிறவள். அவளிடம் கேட்க வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. அண்ணாச்சியைத்தான் கேட்டேன். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, தமிழில், எழுத்து எழுத்தாக நிறுத்தித் தன் பெயரை எழுதினாள். அவுக வந்தா நான் பேசிக்கிடுதேன் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

அதிகாரி எல்லாவற்றையும் பையில் வைத்தார். நல்லபடியாக எழுதுகிறேன் என்றார். வாசல் வரை போனவர் திரும்பி வந்து, என் மகளைப் பார்த்து, அப்பாவுக்கு ஆர்டர் வந்ததும் தாமதிக்காதே பாப்பா, உனக்கும் இதே மாதிரிதான், வீட்டு விசாரணை, இரண்டு சாட்சி, அவ்வளவுதான் என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். பைக் கிளம்பிப் போயிற்று.

என் கணவர் குழாயடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டே இருந்தார். நான் மகள் பக்கத்தில் உட்கார்ந்தேன். தோளைத் தொட்டேன், தட்டிவிடவில்லை. 

"எனக்கும் ரெண்டு இந்தியர் வேணும்ல. எதிர் வீட்டு அங்கிள் எனக்கும் போடுவாரா?"

போடுவார் என்றேன். அக்காவும் போடுவாள், நான் போய்க் கேட்கிறேன், காலில் விழுந்தாவது கேட்கிறேன் என்றேன்.

"அவங்களை எதுக்கும்மா கேக்கணும்? நீ இந்தியன்தானே. நீ போடேன்."

பெற்றவள் போட்டால் செல்லாது என்று அவளிடம் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன்.